எரேமியாவின் சொல்லும் அனனியாவின் செய்தியும்

ஞாயிறுதோறும் தேவாலயத்தின் பிரசங்க பீடத்தில் ஏறி, வேதாகமத்தைத் திறந்து வாசித்து, அதற்குப் பொருள் உரைக்கிறவருக்கு, உலகில் வேறெந்தச் சொற்பொழிவாளருக்கும் எளிதில் கிட்டாத ஓர் அதிகாரம் கிட்டிவிடுகிறது. அரசியல் மேடையில் ஒருவர் பேசினால், அது அவருடைய அபிப்பிராயம் என்று கேட்போர் கொள்வர். வழக்கறிஞர் வாதித்தால், எதிர்வாதமும் உண்டென்று காத்திருப்பர். ஆனால் பிரசங்கியார் ஒருவர் தாம் வாசித்த வாக்கியத்துக்கு இதுவே அர்த்தம் என்று சொல்லும்போது, அவர் சொல்லையும் திருவாக்கையும் வேறுபிரித்துப் பாராமல், இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டு வீடு திரும்புகிறவர்களே சபையில் பெரும்பாலோர். நோயுற்ற பிள்ளைக்கு வைத்தியம் செய்வதா, ஜெபம் மட்டும் போதுமா என்பதையும், கடன் வாங்கியாவது காணிக்கை செலுத்த வேண்டுமா என்பதையும், நாள்தோறும் அடிக்கிற கணவனோடு சகித்து வாழ்வதுதான் தேவசித்தமா என்பதையும் அவர்கள் தீர்மானிப்பது பல வேளைகளில் அந்த அரைமணி நேரப் பேச்சைக் கொண்டே. ஆதலால் வேதவாக்கியத்துக்குப் பொருள் கூறுவதென்பது கல்வியாளருக்கு மட்டும் உரிய விவகாரமன்று. அது மனிதருடைய வாழ்வைத் தொடுகிற தர்மம்.

பிற சமயத்தைச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒன்றை இங்கே சொல்லிவிடுதல் நலம். வேதாகமம் என்று நாம் ஒருமையில் வழங்கும் இந்நூல் உண்மையில் ஒரு நூலன்று, நூல்களின் தொகுதி. புராட்டஸ்தாந்து சபையார் வைத்திருப்பதில் 66 நூல்களும், கத்தோலிக்க சபையார் வைத்திருப்பதில் 73 நூல்களும் அடங்கியுள்ளன. பல நூற்றாண்டுகளின் ஊடே, எபிரேயத்திலும் கிரேக்கத்திலும், சில பகுதிகள் அரமேயத்திலுமாக எழுதப்பட்ட இத்தொகுதியில் சரித்திரம் உண்டு, நியாயப்பிரமாணம் உண்டு, சங்கீதம் உண்டு, பழமொழி உண்டு, தீர்க்கதரிசனம் உண்டு, ஊர்பேர் குறித்து அனுப்பப்பட்ட கடிதங்களும் உண்டு. இத்தனை வகையான எழுத்தையும் ஒரே விதமாக வாசிப்பது எப்படி இயலும்?

ஒரு வசனத்தின் வரலாறு

தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில், டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையின்போது, பிறக்கிற ஆண்டுக்குரிய வாக்குத்தத்த வசனம் ஒன்றை அறிவிப்பதும், அதனை அழகிய அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளிப்பதும் வேரூன்றிவிட்ட வழக்கம். அவ்வாறு வழங்கப்படும் வசனங்களுள் முன்வரிசையில் நிற்பது எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். தம்முடைய மக்களைக் குறித்துத் தாம் கொண்டுள்ள எண்ணங்கள் நன்மைக்குரியவை, கேட்டுக்குரியவை அல்ல என்றும், அவர்களுக்கு நம்பிக்கைக்குரிய ஒரு வருங்காலம் உண்டு என்றும் இறைவன் உரைப்பதாக அமைந்த அவ்வாக்கியத்தைக் கேட்கும்போது, வேலை தேடுகிற இளைஞனுக்கும், மகளின் விவாகத்துக்காகக் கவலையுறுகிற தாய்க்கும் நெஞ்சம் குளிர்வது இயல்பே. அந்த ஆறுதலைப் பழிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வாக்கியம் முதன்முதல் யாருக்குச் சொல்லப்பட்டது, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்பதை அறிந்தவர்கள், இவ்வருஷத்துக்குள் எல்லாம் நலமாய் முடியும் என்று பொருள்பட அதனைப் பிரசங்கிக்கக் கூசுவார்கள்.

கி.மு. 597-ஆம் ஆண்டில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, இளம் அரசனாகிய எகொனியாவையும், அவனுடைய தாயையும், பிரபுக்களையும், தச்சர் கொல்லர் முதலிய கைவினைஞர்களையும் சிறைப்படுத்தித் தன் நாட்டுக்குக் கொண்டுபோனான். எருசலேமில் சிதேக்கியா என்பவன் அவனுக்குக் கீழ்ப்பட்ட அரசனாக வைக்கப்பட்டான். தேவாலயத்தின் பாத்திரங்கள் சூறையாடப்பட்டு, அரச வம்சமே அந்நிய மண்ணில் கிடந்த அந்நாட்களில், மக்கள் யாவரும் கேட்ட ஒரே கேள்வி, இது எப்பொழுது முடியும் என்பதுதான்.

அக்கேள்விக்கு இருவர் விடை கூறினர். கிபியோன் ஊரானாகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி, தேவாலயத்தில் ஆசாரியரும் ஜனங்களும் கூடியிருக்க, இரண்டே வருஷங்களுக்குள் பாத்திரங்களும் அரசனும் சிறைப்பட்டோர் யாவரும் திரும்பி வருவர் என்று இறைவனின் பெயராலேயே அறிவித்தான். எரேமியாவோ அடிமைத்தனம் நீடிக்கும் என்பதற்கு அடையாளமாகத் தன் கழுத்தில் மரநுகம் ஒன்றைச் சுமந்துகொண்டு திரிந்தவர். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி யாவர் கண்முன்னும் உடைத்தான். அதற்கு முன்பு அனனியாவின் இனிய வார்த்தையைக் கேட்டபோது எரேமியா உடனே சீறி விழவில்லை. அப்படியே ஆகட்டும், இறைவன் அவ்வாறே செய்வாராக என்றுதான் முதலில் மறுமொழி கூறினார். தம் ஜனங்களுக்கு நன்மை வரவேண்டும் என்ற ஏக்கம் அனனியாவுக்கு இருந்ததைவிட அவருக்குக் குறைவாக இருக்கவில்லை. ஆயினும், விரும்புவது வேறு, அறிவிக்கக் கட்டளை பெற்றது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்நிகழ்ச்சியைக் கூறும் அதிகாரத்துக்கு அடுத்ததாகவே, சிறையிருப்பில் உள்ளவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் வருகிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நட்டு அவற்றின் பலனைப் புசியுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்பது அக்கடிதத்தின் சாரம். உங்கள் நடுவே இருந்து நீங்கள் விரும்பியதையே சொல்லுகிற தீர்க்கதரிசிகளுக்குச் செவிகொடாதிருங்கள் என்ற எச்சரிக்கையும், பாபிலோனுக்கு எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்னரே விடுதலை வரும் என்ற அறிவிப்பும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றுக்குப் பிறகே, நம் அட்டைகளில் அச்சாகிற அந்த வாக்குத்தத்தம் வருகிறது.

எழுபது ஆண்டுகள்! கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட நாற்பது வயது மனிதன் ஒருவன், அவ்விடுதலையைத் தன் கண்ணால் காணமாட்டேன் என்பதை அக்கணமே உணர்ந்திருப்பான். வாக்குத்தத்தம் அவனுக்குத்தான், ஆயினும் அதன் நிறைவேற்றம் அவன் பேரப்பிள்ளைகளுக்கு. பாரசீக மன்னன் கோரேசு கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றி, மறு வருஷம் யூதர் தாய்நாடு திரும்ப அனுமதி அளித்தபோது, புறப்பட்டுப் போனவர்களில் மிகப் பலர் அந்நியநாட்டிலேயே பிறந்தவர்களாயிருந்திருக்க வேண்டும்.

இப்பொழுது நாம் சிந்திக்க வேண்டியது இதுதான். இந்த வருஷமே உன் கஷ்டம் தீரும், உன் வியாபாரம் பெருகும் என்று இவ்வசனத்தைக் காட்டி ஒருவர் பிரசங்கிப்பாரானால், அவர் எரேமியாவின் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியை அறிவிக்கிறவர் ஆகிறார். வாக்கியம் பிசகவில்லை, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் அவ்வாக்கியம் எதை மறுப்பதற்காகப் பிறந்ததோ அதையே நிலைநாட்ட அது பயன்படுத்தப்பட்டுவிட்டது. வேதத்தைத் திரித்துக் கூறுவதற்கு வேதத்தில் இல்லாததைச் சொல்லவேண்டும் என்ற அவசியமில்லை; உள்ளதை அதன் இடத்தினின்று பெயர்த்தெடுத்தாலே போதும்.

சந்தர்ப்பத்தோடு சேர்த்து வாசித்தால் ஆறுதல் குறைந்துபோகும் என்று அஞ்சுவோர் உண்டு. நாம் அறிந்தவரை அது குறைவதில்லை, ஆழம் பெறுகிறது. நோய் தீராது என்று வைத்தியர் சொல்லிவிட்ட ஒருவருக்கு, வருஷ முடிவுக்குள் சுகம் என்ற அனனியாவின் வாக்கு எத்தனை நாள் துணை நிற்கும்? துன்பம் நீங்காதிருக்கும்போதும் வீடு கட்டலாம், தோட்டம் நடலாம், பகைவனுடைய ஊருக்கும் நன்மை நாடலாம், என் ஆயுளுக்கு அப்பாலும் இறைவனின் நல்லெண்ணம் நீண்டு செல்லும் என்று எரேமியா எழுதிய வார்த்தையோ, அவருடைய கடைசி மூச்சுவரைக்கும் அவரைத் தாங்கவல்லது.

பேசுகிறவர் யார்?

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறுகிற மற்றொரு வாக்கியம் யோபுவின் சரித்திரத்தில் 8-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தொடக்கம் சிறிதாயினும் முடிவு மிகப் பெரிதாயிருக்கும் என்ற கருத்துடைய அவ்வாக்கியத்தைப் புதுமனை புகுவிழாவிலும் கடை திறப்புவிழாவிலும் நாம் கேட்கிறோம். அதைச் சொன்னவர் யார் என்று திருப்பிப் பார்த்தால், பேசுகிறவர் இறைவனல்லர், தீர்க்கதரிசியுமல்லர், யோபுவைத் தேற்ற வந்து அவரை வருத்திய நண்பர் மூவருள் ஒருவராகிய பில்தாத். ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பனிடத்தில், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் அதன் பலனை அடைந்திருப்பார்கள் என்று சற்று முன்பு கூறிய அதே வாயினால், நீ சுத்தமும் செம்மையுமுள்ளவனாயிருந்தால் உன் முடிவு பெருகும் என்று அவர் நிபந்தனையோடு உரைக்கிறார். நூலின் இறுதியில் இறைவன் பேசும்போது, இந்நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கோபம் கொள்ளுகிறார்.

அப்படியானால் நண்பர்கள் கூறிய யாவும் பொய்யென்று தள்ளிவிடலாமா? அதுவும் அவசரமான முடிவே. அவர்களுள் மூத்தவராகிய எலிப்பாசின் வார்த்தை ஒன்றை அப்போஸ்தலனாகிய பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது மேற்கோளாக எடுத்தாளுகிறார். யோபுவின் பிற்காலமும் முற்காலத்தைவிட ஆசீர்வாதமாகவே முடிந்தது. நண்பர்கள் செய்த பிழை, பொதுவாக மெய்யான ஒன்றை, அது பொருந்தாத மனிதன்மேல் இரக்கமின்றிச் சுமத்தியதேயாகும். துக்கவீட்டில் போய் நின்று, குற்றமற்றவன் எங்கே அழிந்தான் என்று எலிப்பாசைப்போல் வினவுகிற போதகர், வேதத்தில் உள்ளதைத்தான் பேசுகிறார். ஆனால் வேதம் எந்தப் பேச்சைக் கண்டிப்பதற்காக நாற்பத்திரண்டு அதிகாரங்களை ஒதுக்கியதோ, அந்தப் பேச்சைப் பேசுகிறார். ஆகவே, இது வேதத்தில் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், வேதத்தில் இதைச் சொல்லுகிறவர் யார், அவர் சொல்லை அந்நூல் முழுமையும் எவ்வாறு மதிப்பிடுகிறது என்றும் கேட்பது வியாக்கியானம் செய்வோரின் முதற்கடமை.

வாக்கியங்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் பழக்கத்துக்கு நூலின் அச்சமைப்பும் ஒருவாறு காரணமாயிற்று. நாம் இன்று காணும் அதிகாரப் பிரிவுகள், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் கற்பித்துப் பின்னர்க் கான்டர்பரி பேராயராக விளங்கிய ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பர். எபிரேய நூல்களில் வாக்கிய முடிவுகளுக்குக் குறியீடுகள் முன்பே இருந்தனவெனினும், புதிய ஏற்பாட்டுக்கு இன்று வழங்கும் வசன எண்களை இட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்னும் பிரெஞ்சு அச்சகத்தார். அவர் அவ்வெண்களோடு கிரேக்கப் பதிப்பை ஜெனீவாவில் வெளியிட்டது 1551-ஆம் ஆண்டில். தேடிய இடத்தை உடனே எடுக்க உதவும் இந்த ஏற்பாடு பெரிய நன்மையே. ஆனால் பவுல் ஒரே மூச்சில் எழுதிய நீண்ட தர்க்கத்தை எண்ணிட்டுத் துண்டித்துப் பார்க்கும் கண்ணுக்கு, ஒவ்வொரு துண்டும் தன்னிறைவு பெற்ற தனிச்சூத்திரம்போல் தோன்றுவதும் தவிர்க்கமுடியாததாயிற்று.

நூலின் இயல்பு

யார் பேசுகிறார் என்பதை அறிந்த பிறகு, எந்த வகையான எழுத்து என்பதையும் அறிதல் வேண்டும். நீதிமொழிகளின் 26-ஆம் அதிகாரத்தில், மூடனுக்கு அவன் மூடத்தனத்தின்படி மறுமொழி கொடாதே என்று ஒரு வாக்கியமும், அதை அடுத்தே, அவனுக்கு அவ்வாறு மறுமொழி கொடு என்று மற்றொரு வாக்கியமும் நிற்கின்றன. சட்டப் புத்தகமாக வாசித்தால் இது முரண்பாடு. பழமொழித் தொகுதியாக வாசித்தாலோ, எப்பொழுது பேசுவது, எப்பொழுது வாளாவிருப்பது என்பதை உன் விவேகம் தீர்மானிக்கட்டும் என்ற நுட்பமான போதனை அவ்விரண்டும் அருகருகே நிற்பதிலேயே விளங்குகிறது. பிள்ளையை நல்வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதைவிட்டு விலகான் என்னும் கருத்துள்ள நீதிமொழியைத் தவறாத உத்தரவாதமாகப் பிரசங்கித்துவிட்டால், வழிதவறிப்போன மகனை நினைந்து ஏற்கெனவே நொந்திருக்கும் பெற்றோரின் தலையில் அது குற்றச்சாட்டாக வந்து விழும்.

காட்சிகளும் அடையாளங்களும் நிறைந்த தீர்க்கதரிசன நூல்களில் இந்த ஜாக்கிரதை பன்மடங்கு தேவை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து விவசாயியும் பக்தியுள்ள பாப்டிஸ்டு பிரசங்கியுமாகிய வில்லியம் மில்லர், தானியேலின் நூலில் வருகிற 2,300 நாட்களை வருஷங்களாக எண்ணிக் கணக்கிட்டுக் கிறிஸ்துவின் வருகை 1843-ஆம் ஆண்டையொட்டி நிகழும் என்று பிரசங்கித்தார். அது பொய்த்தபின் அவருடைய இயக்கத்தார் 1844 அக்டோபர் 22-ஆம் தேதியையே குறித்துக் காத்திருந்தனர். வயலில் விளைந்ததை அறுக்காமல் விட்டவர்களும் அவர்களுள் உண்டு. அந்த நாள் வந்தது, கழிந்தது, மறுநாள் விடிந்தபோது அவர்கள் அடைந்த வேதனையைச் சரித்திரம் பெரும் ஏமாற்றம் என்றே பெயரிட்டு வைத்திருக்கிறது. மில்லர் வஞ்சகரல்லர்; நேர்மையானவர்; வருஷக்கணக்காய் வேதத்தை ஆராய்ந்தவர். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்று இயேசுவே தெளிவாய்க் கூறியிருக்க, தெளிவானதைக்கொண்டு மறைவானதை அளக்காமல், மறைவானதைக்கொண்டு தெளிவானதைக் கடந்துபோக முயன்றதே அங்கு நேர்ந்த பிழை.

வெட்டப்பட்ட வேதம்

மேற்கூறியவை அறியாமையினால் விளைந்தவை. சுயநலத்தினால் விளைந்ததற்கு அட்லாண்டிக் கடலின் இருகரைகளிலும் நிகழ்ந்த அடிமை வியாபாரத்தைவிடக் கொடிய சான்று வேறில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளின் உபயோகத்துக்கென்று 1807-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. அது முழு வேதாகமமன்று, பொறுக்கியெடுத்த பகுதிகள். பழைய ஏற்பாட்டில் மிகப்பெரும் பகுதியும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் அதில் இல்லை. யோசேப்பு எகிப்தில் அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. அடிமைப்பட்ட இஸ்ரவேல் மக்கள் எகிப்தைவிட்டு விடுதலையாகி வெளியேறிய கதை நீக்கப்பட்டிருந்தது. ஊழியக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதப்பட்டது இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதப்பட்டது இல்லை. அந்நூலின் அரிய பிரதிகளுள் ஒன்று, விடுதலைபெற்ற கறுப்பின மக்களின் கல்விக்கென்றே தோன்றிய நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இன்று பாதுகாக்கப்படுகிறது.

வெட்டியெடுக்கக் கத்தரிக்கோல் எப்பொழுதும் தேவைப்படுவதில்லை; வாய் போதும். நோவாவின் சாபம் காமின்மேல் விழுந்ததென்றும், காமின் சந்ததியாரே ஆப்பிரிக்கரென்றும், ஆகவே அவர்கள் அடிமைப்பட்டிருப்பது தேவ கட்டளையென்றும் அமெரிக்கத் தென்மாநிலப் பிரசங்கிகள் பலர் ஓயாது போதித்தனர். ஆதியாகமத்தைத் திறந்து பார்த்தால், சாபம் கூறப்பட்டது காமின்மேலன்று, அவன் குமாரனாகிய கானானின்மேல் என்பது பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். அடிமைத்தளையினின்று தப்பி வந்து அடிமை ஒழிப்பின் மாபெரும் குரலாக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தம் சுயசரிதையில், தம்முடைய எஜமான் பக்திமானாக மாறிய பின்பு, கை ஊனமுற்ற ஓர் இளம்பெண்ணைச் சவுக்கால் அடித்துக்கொண்டே, எஜமானின் சித்தம் அறிந்தும் செய்யாத ஊழியக்காரன் பல அடிகள் அடிக்கப்படுவான் என்ற உவமைப் பகுதியைத் தன் செய்கைக்கு நியாயமாகச் சொல்லிக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். லூக்காவின் சுவிசேஷத்தில் அந்த உவமை, அதிகாரம் பெற்றவன் தன் கீழுள்ளவர்களை அடித்து வதைத்தால் அவனுக்குத் தண்டனை உண்டு என்பதற்காகவே சொல்லப்பட்டது. இரண்டொரு வசனங்கள் முன்னே படித்திருந்தால் அந்த எஜமான் கையிலிருந்த சவுக்கு நழுவியிருக்க வேண்டும்.

முன்னோர் கண்ட நெறி

வேதம் தவறாக எடுத்தாளப்படக்கூடும் என்பதை வேதமே நன்றாக அறிந்திருக்கிறது. வனாந்தரச் சோதனையின்போது தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொல்லும்போது அவன் ஆதாரமாகக் காட்டுவது 91-ஆம் சங்கீதத்தை. இயேசு அந்தச் சங்கீதத்தை மறுக்கவில்லை. இறைவனைப் பரீட்சை பாராதே என்ற உபாகமப் போதனையை அதன் அருகே நிறுத்தி, நம்புவது வேறு, நிர்ப்பந்திப்பது வேறு என்று காட்டினார். வேதத்தை வேதத்தால் விளக்குவது என்று பிற்காலத்தார் போற்றிய நெறிக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. இந்நெறியை மறந்து, விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று மாற்கு சுவிசேஷத்தின் முடிவுப் பகுதியில் கண்டதைக் கட்டளையாகக் கொண்டு, ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையிலேந்தும் வழக்கத்தை அமெரிக்க மலைநாட்டுச் சபைகளிடையே பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி என்பவர் 1955-இல் பாம்பு கடித்தே மாண்டார். அப்பகுதியோ, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளாகிய வத்திக்கான் பிரதியிலும் சீனாய்ப் பிரதியிலும் காணப்படாதது.

திருச்சபையின் ஆதிநூற்றாண்டுகளிலே அலெக்சாந்திரியாவின் ஆசிரியர்கள் வாக்கியங்களுக்குள் மறைபொருள் தேடுவதில் தேர்ந்தவர்களாகவும், அந்தியோகியாவின் ஆசிரியர்கள் சரித்திரப் பொருளையும் சொல்லொழுங்கையும் பற்றிநிற்பவர்களாகவும் விளங்கினர். நல்ல சமாரியன் உவமைக்கு அகுஸ்தீனார் கூறிய விளக்கத்தில், அடிபட்டவன் ஆதாம், கள்வர் பிசாசும் அவன் தூதரும், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் என்று ஒவ்வொன்றும் வேறொன்றாகிவிடுகிறது. பக்திக்கு அது இனிக்கலாம். ஆனால், அந்த உவமையைச் சொன்ன இயேசு அதன் முடிவில் கேட்ட கேள்வி, அடிபட்டவனுக்கு அயலானாய் நின்றவன் யார் என்பதே. போய் நீயும் அவ்வாறே செய் என்ற அந்தக் கட்டளை, உருவக அலங்காரங்களின் நடுவே கேளாமற் போய்விடக் கூடாது.

ஆயினும் அதே அகுஸ்தீனார், வேதத்தை விளங்கிக்கொள்ளும் முறையைப்பற்றி கி.பி. 396-ஆம் ஆண்டளவில் தொடங்கி, முப்பது ஆண்டுகள் கழித்து நிறைவு செய்த பெருநூலில், என்றைக்கும் பழுதுபடாத அளவுகோல் ஒன்றை நாட்டிச் சென்றிருக்கிறார். இறைவனிடத்தும் பிறனிடத்தும் அன்பை வளர்க்காத வியாக்கியானம் எதுவாயினும், அதைச் செய்தவர் வேதத்தை இன்னும் அறியவில்லை என்பது அவர் கொள்கை. அன்பை வளர்த்தும் மூலகர்த்தர் கருதிய பொருளைத் தவறவிட்டவரைப்பற்றியோ, பாதையை விட்டு வயல்வழியே நடந்தாலும் சேரவேண்டிய ஊரைச் சேர்ந்துவிட்டவனுக்கு அவரை ஒப்பிட்டு, அவரையும் திருத்தவேண்டும், ஏனெனில் பாதையை விட்டு விலகும் பழக்கம் ஒருநாள் அவரை வேறு திசைக்கும் கொண்டுபோய்விடும் என்கிறார். அன்பும் வேண்டும், சரியான பாதையும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று சொல்ல அவர் இடங்கொடுக்கவில்லை.

கொரிந்துவின் பந்தி

சந்தர்ப்பத்தை நோக்கி வாசிப்பது மனிதருடைய ஆசைகளுக்குக் கடிவாளம் இடுவதற்கு மட்டுமே உதவும் என்று கருதலாகாது; நாம் மழுக்கிவிட்ட வாக்கியங்களுக்கு மீண்டும் கூர்மை தருவதும் அதுவே. கர்த்தருடைய திருவிருந்தைத் தகுதியற்ற விதமாய் உட்கொள்ளுகிறவன் குற்றவாளியாவான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் கேட்டு, தம்முடைய அந்தரங்கக் குறைகளை எண்ணி நடுங்கி, திருவிருந்துக்கே வராமல் பின்வரிசையில் தங்கிவிடுகிற எளிய ஆத்துமாக்கள் நம் சபைகளில் எத்தனையோ பேர். பவுல் யாரை நோக்கி அதை எழுதினார் என்பதை அந்த அதிகாரமே கூறுகிறது. கொரிந்துவில் சபை கூடியபோது, வசதியுள்ளவர்கள் தாம் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்தனர், இல்லாதவர்கள் பசியோடிருந்தனர். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று அப்போஸ்தலன் பொங்கியெழுந்த இடத்தில்தான் அந்த எச்சரிக்கை பிறந்தது. நடுங்க வேண்டியவர்கள் பின்வரிசையில் அழுகிறவர்களல்லர். பந்தியில் பேதம் வகுத்தவர்களே.

இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டுத் திருச்சபை தன் சரித்திரத்தோடு சேர்த்து வாசிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்து உட்காருவதும், திருவிருந்தை முறைவைத்துத் தனித்தனியே அணுகுவதும் இங்கே நெடுங்காலம் வழங்கின. கல்கத்தா அத்தியட்சராகிய டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேறுபாடுகளைச் சபைக்குள் அறவே ஒழிக்க வேண்டும் என்று சுற்றுநிருபம் விடுத்தபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. அதற்கு உடன்படாமல் சபையை விட்டு விலகியவர்களும் பலர். அவர்கள் வீட்டிலும் பவுலின் நிருபம் இருந்தது. கொரிந்தியருக்கு எழுதியதை அவர்களும் வாசித்திருப்பார்கள். தனிமனிதனின் உள்ளத்தூய்மையைப் பற்றியது அது என்று மட்டும் கற்பிக்கப்பட்டவர்களுக்கு, தங்கள் பந்தியைப் பற்றியே அது பேசுகிறது என்பது தோன்றவில்லை. பொறுப்பற்ற வியாக்கியானம் பொய்யான நம்பிக்கையைத் தருவதோடு நிற்பதில்லை; வேதம் கண்டிக்கிற அநீதியை வேதத்தின் காவலிலேயே வாழவைத்தும் விடுகிறது.

போதிப்போரும் கேட்போரும்

இவற்றையெல்லாம் எண்ணும்போது, பிரசங்கிகளிடம் நாம் வேண்டிக்கொள்ளுகிறவை மிகையானவை அல்ல. பேசப்போகிற வசனம் அமைந்துள்ள அதிகாரத்தையாவது, கூடுமானால் அந்நூல் முழுவதையும் அவர்கள் வாசிக்கட்டும். யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் சொன்னது என்பதைச் சபைக்கு முதலில் எடுத்துரைக்கட்டும். நமக்கு அதில் உள்ளது என்ன என்பதை அதன் பிறகு கூறட்டும். தமக்கு முன்பு அதே வாக்கியத்தோடு போராடிய உரையாசிரியர்களைக் கலந்து பார்க்கட்டும். வேதம் சொல்லுகிறது என்பதையும், நான் எண்ணுகிறேன் என்பதையும் ஒரே மூச்சில் கலவாமல், இரண்டுக்கும் இடையே ஒரு கோடு கிழிக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் சொல்லும் பொருளை நம்பி நடக்கிறவருக்கு நாளை என்ன நேரும் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ஏனெனில் தவறான வியாக்கியானத்துக்குரிய விலையைப் பெரும்பாலும் செலுத்துகிறவர் அதைச் சொன்னவர் அல்லர், கேட்டவரே. போதகராக அநேகர் விரும்பவேண்டாம், அவர்களுக்கு அதிகக் கண்டிப்பான நியாயத்தீர்ப்பு உண்டு என்று யாக்கோபின் நிருபம் எச்சரிப்பது இதனால்தான்.

கேட்போருக்கும் கடமை இல்லாமலில்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுக்கு எஸ்றா என்னும் வேதபாரகன் எருசலேமின் தெருவீதியில் நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது, லேவியர்கள் ஜனங்களிடையே நின்று அதை விளக்கினார்கள் என்றும், விளங்கிக்கொண்டதனாலேயே ஜனங்கள் மகிழ்ந்தார்கள் என்றும் நெகேமியாவின் நூல் கூறுகிறது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னது அப்படித்தானா என்று நாள்தோறும் வேதத்தைத் தாமே ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலருடைய நடபடிகளை எழுதியவர் அதை அவமரியாதை என்று கருதாமல், அவர்களை நற்குணசாலிகள் என்று புகழுகிறார். அப்போஸ்தலனையே ஆராய்ந்தவர்கள் புகழப்பட்டார்கள் என்றால், இன்றைய போதகரிடத்தில், ஐயா, இதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் சேர்த்து விளக்குவீர்களா என்று ஒருவர் மரியாதையோடு கேட்பது எப்படிக் குற்றமாகும்? அக்கேள்வி கேட்கப்படுகிற சபையும், அக்கேள்வியை மகிழ்ந்து ஏற்கிற போதகரும் பெருகவேண்டும். வேதவாக்கியத்தை இறைவனின் வார்த்தையென்று நம்புகிறவர்கள், அது தன் சொந்த இடத்தில் நின்று, தான் சொல்லவந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக் கேட்பதே, அதற்குச் செலுத்தத்தக்க முதல் மரியாதை.